வயிற்றுவலியும் வல்லரசும்

கேள்வி: கம்யூனிச எதிர்ப்பாலேயே அரசியலில் வளர்ந்த அமெரிக்க அதிபர் நிக்சன், சீனக் கம்யூனிசத் தலைவர் மாவோவுடன் கைகுலுக்கியது எப்படி?

பதில்: சித்தாந்தம், அதாவது உலகம் எவ்வாறு இருக்க வேண்டும் என ஓர் அரசு நம்பும் கோட்பாடு, நண்பனைத் தேடித் தரும், பாதுகாப்பு நலனோ, அதாவது எல்லையும் மக்களும் ஆபத்தின்றி இருக்க வேண்டிய தேவையோ, எதிரியின் எதிரியைத் தேடச் சொல்லும். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவொன்றுக்காகச் சீனாவும் சோவியத்தும், இரண்டும் கம்யூனிச நாடுகளாயிருந்தும், துப்பாக்கியால் பேசிக்கொண்டபோதே வாஷிங்டனுக்கு வழி திறந்துவிட்டது. 1971 ஜூலையில் பாகிஸ்தான் சென்ற நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர், வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிட்டதாகச் செய்தியாளர்களை நம்பவைத்து, ரகசியமாகப் பெய்ஜிங்கிற்குப் பறந்தார். 1972 பிப்ரவரி 21 அன்று நிக்சனே அங்கு இறங்கினார். சோவியத்தை மடக்கிய வகையில் இது கெட்டிக்காரத்தனமே. ஆனால், இடையில் தூது சென்ற பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானின் படை, இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் மக்களைக் கொன்று குவித்தபோது, ஜனநாயகத்தின் காவலன் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அமெரிக்கா அதைப் பகிரங்கமாகக் கண்டிக்க மறுத்தது மன்னிக்க முடியாத பிழை. 1971இல் அங்கிருந்து ஏறத்தாழ 1 கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர்.