விசா பெரியப்பா

எங்கள் டெல்டா பக்கத்தில் தெருவுக்கு ஒரு விசா பெரியப்பா உண்டு. பட்டுக்கோட்டையானாலும் மன்னார்குடியானாலும் வார்ப்பு ஒன்றுதான். மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ ஓய்வு பெற்றிருப்பார். ஒரே ஒரு தடவை, ஆறு மாதம், கனடாவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்திருப்பார். வந்த நாளிலிருந்து அவர் வீட்டுத் திண்ணைதான் தெருவுக்குத் தூதரகம். டோக்கன் கிடையாது, கட்டணம் கிடையாது. பேச்சை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தெருப் பெரியப்பாவுக்கு 'விசா வந்துடுச்சு' என்ற வாக்கியம் மட்டும் ஆகாது. ஸ்வீட் டப்பாவோடு வந்து யாராவது அப்படிச் சொன்னால், கை டப்பாவை வாங்கிக்கொள்ளும்; வாய் குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிடும்.

"என்ன வந்துச்சு? விசாவா, பெர்மிட்டா? சிங்கப்பூர்க்காரன் வேலைக்குக் குடுக்கிற ஐபிஏ லெட்டரையும் விசாங்கிறான், சவுதியில தங்கறதுக்குக் குடுக்கிற இக்காமாவையும் விசாங்கிறான். கம்பத்துலேர்ந்து வர்ற ஒயரையும் மீட்டரையும் ஒண்ணுன்னு சொல்லுவியா?"

எதிராளி விழித்தால் உவமை மண்டபத்துக்கு மாறும். "விசாங்கிறது கல்யாணப் பத்திரிகை. அதைக் காட்டி வாசல் வரைக்கும் வரலாம். உள்ளே விடறது வாசல்ல நிக்கிறவன் பொறுப்பு. பெர்மிட்டுங்கிறது பந்தியில நமக்குப் போட்ட இலை. எவ்வளவு நாள் உக்காரலாம், படிக்கலாமா, வேலை பாக்கலாமா, எல்லாம் அதுலதான். விசிட்டரா போனா மொய் எழுதலாம், போட்டோ எடுத்துக்கலாம். சமையக்கட்டுல போய்க் கரண்டியத் தொடக்கூடாது."

இவ்வளவு ஞானமும் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அவருடைய முதல் விசாவில் முடிவு தேதி ஏழு வருடம் தள்ளி இருந்தது. 'ஏழு வருஷம் தங்கலாம்னு குடுத்துட்டான்' என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். டொராண்டோவில் இறங்கியதும் அதிகாரி ஒரு முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போகும் காரில்தான் மகன் விளக்கினான்: விசாவில் இருப்பது நாட்டுக்குள் நுழையக் கடைசித் தேதி, பார்வையாளராக வந்தால், வேறு தேதி எழுதித் தராத வரை, தங்குவதற்கு ஆறு மாதம்தான். அன்றைக்கு விழுந்த அடியில் முளைத்தவர்தான் இந்தப் பெரியப்பா.

போன வருடம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்தது. பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே ஸ்டிக்கர் இருந்தது. 'ஸ்டடி பெர்மிட்' என்று எங்கும் காணோம். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா அழுகையை ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா வரவழைக்கப்பட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்டிக்கரை மூக்கருகே பிடித்து வாசித்தார்.

"இது வாசல் சீட்டு. பெர்மிட்டை அங்க ஏர்போர்ட்லதான் அடிச்சுக் குடுப்பான். அனுமதி குடுத்தாச்சுன்னு ஒரு கடுதாசி வந்துருக்குமே, அது எங்க?"

அந்தக் கடுதாசி பெரிய பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியை எடை போட்டுக் கயிறும் கட்டியாகிவிட்டது. "பெட்டிய சரக்குல போட்டுட்டு, அதிகாரிகிட்ட கையை விரிப்பியாம்மா? அவுரு!" என்றார். அவிழ்த்தார்கள். கூழ்வடாம், பருப்புப்பொடி, இரண்டு குக்கர் கேஸ்கட் எல்லாம் வெளியே வந்தபின், புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு அடியில் கடுதாசி கிடைத்தது. ஒரு மூலையில் நல்லெண்ணெய்.

"அங்க பெர்மிட்டைக் குடுத்ததும் வாங்கிப் பையில திணிக்காதே. பேரு, முடியிற தேதி, வேலை பாக்கலாம்னு போட்டிருக்கா, எல்லாத்தையும் அங்கயே நின்னு படி."

அங்கே இறங்கியதும் பெண் நின்று படித்தாள். தப்பில்லை. போட்டோ எடுத்தும் அனுப்பினாள். சாதாரண வெள்ளைத் தாள். "இதுக்கா இத்தனை லட்சம்? ரேஷன் கார்டு இதைவிடக் கெட்டியா இருக்கே!" என்றார் அம்மா.

தெருவில் வம்பு பேசுகிறவர்களுக்கும் பெரியப்பாவால் நஷ்டம். கடைசி வீட்டு மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். தங்கை கல்யாணத்துக்கே வரவில்லை. விசா முடிந்து திருட்டுத்தனமாக இருக்கிறான் என்று கதை கிளம்பி ஒரு வாரம் நன்றாக ஓடியது. பெரியப்பா ஒரே மூச்சில் அணைத்தார். "பாஸ்போர்ட்ல இருக்கிற விசா ஸ்டாம்பிங்தான்யா முடிஞ்சுருக்கு. அங்க இருக்கிறதுக்குக் கணக்கு ஐ-94. வேலைக்கான ஹெச்-1பி நீட்டிப்பு கையில இருக்கு, சட்டப்படிதான் இருக்கான். வெளில வந்தா மறுபடி ஸ்டாம்பிங் அடிச்சாத்தான் திரும்ப ஏற முடியும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலேன்னா வேலை போயிரும்." கதையில் சுவை போய்விட்டதால் கூட்டம் கலைந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பெரியப்பா உவமை சொல்ல மாட்டார். டீக்கடைப் பையன் ஒருவன், பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, டூரிஸ்டாகப் போனால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்வார்களாம் என்று வந்து நின்றான். பெரியப்பா உள்ளே போய், இதே மாதிரி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழ் இளைஞர்களை 2022-இல் மீட்டுக் கொண்டுவந்த செய்தித் துண்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். "வேலைக்குக் கூப்பிடறவன் வேலைக்கான காகிதத்தை இங்கயே காட்டுவான்" என்றார். பையன் இப்போதும் டீதான் ஆற்றுகிறான். பெரியப்பாவைக் கண்டால் கொஞ்சம் முறைப்பு.

இப்போது அவருக்கே 'சூப்பர் விசா' வந்திருக்கிறது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா கொடுப்பது. ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். அதைத் திண்ணையில் விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா காபியோடு வந்தார்.

"கரண்டியத் தொடக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, போன தடவை ஆறு மாசம் நாம என்ன பண்ணோம்? காலைல ஏழு மணிக்குக் குழந்தையக் கையில குடுத்துட்டுப் போனா, ராத்திரி ஏழு மணிக்குத்தானே வாங்கினாங்க? மூணு வேளைச் சமையலும் நான்தான். அது விசாவா, பெர்மிட்டா?"

பெரியப்பா டம்ளரையும் டவராவையும் எடுத்து, ஏற்கெனவே ஆறியிருந்த காபியை வெகுநேரம் ஆற்றிக்கொண்டிருந்தார்.