முஸ்தபா என்றொரு இன்ஜினியர்

பிள்ளைகள் தனியாகச் சந்தோஷமாக இருக்கும் இடம் எதுவானாலும் பெரியவர்களுக்குப் பொறுக்காது. இழுத்து மூடப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் தாங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வீடியோ கேம் கடைகளின் சரித்திரம் முழுக்க இவ்வளவுதான்.

இழுத்து மூடியவர்களில் நியூயார்க் மேயர் லாகார்டியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. குண்டை அடித்து ஆடும் பின்பால் மெஷின் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சில்லறையைப் பிடுங்கும் சூதாட்டம் என்று 1942-ல் தடைபோட்டார். போட்டதோடு நிற்காமல் சம்மட்டியைத் தூக்கி மெஷின்களை உடைத்து போட்டோவும் எடுத்துக்கொண்டார். தடை விலக 1976 ஆகிவிட்டது. ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபையார் கண்ணெதிரே ஆடி, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்து, இது அதிர்ஷ்டமல்ல, திறமை என்று நிரூபித்தார். அந்த அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார். தடை நீங்கிய பிறகுதான் சொன்னார், விவரமானவர்.

இதற்கிடையில் 1972-ல் கலிஃபோர்னியாவில், சன்னிவேல் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் அடாரி கம்பெனி ‘பாங்’ மெஷினை வைத்தது. கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று போன். அதை உருவாக்கிய ஆல் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், காசுப்பெட்டி நிரம்பி வழிகிறது. வருமானம் தாங்காமல் படுத்த மெஷின்! அப்புறம் 1978-ல் ஜப்பானிலிருந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் பேக்-மேன் என்று வரிசையாக இறங்க, பெற்றோர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. டெக்சாஸில் மெஸ்கீட் என்ற ஊர், 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அப்பா, அம்மா துணையில்லாமல் காசு மெஷின் பக்கமே போகக் கூடாது என்று சட்டம் போட்டு, அந்த வழக்கு 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

திருச்சியில் எங்கள் தெருவில் இவ்வளவு சிரமம் இல்லை. கோர்ட்டும் மேயரும் சம்மட்டியும் ஒரே ஆள்: அப்பா.

பெட்டிக்கடைக்குப் பின்னால், அழுக்குத் திரைக்கு அந்தப்பக்கம் இருந்தது அண்ணாச்சியின் வீடியோ கேம் கடை. பிளைவுட் பெட்டிக்குள் பழைய டிவி. அதில் டைனோசர் ஓடும். காப்காம் கம்பெனி 1993-ல் விட்ட அந்த ஆட்டத்தின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அது எங்களில் யாருக்கும் தெரியாது. ஓடி வந்து பறந்து உதைக்கும் முஸ்தபாதான் எங்கள் ஆள். எனவே அது ‘முஸ்தபா கேம்’. இந்தியா முழுக்கப் பையன்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே இதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். 1996-ல் ‘காதல் தேசம்’ வந்து ஊரெல்லாம் முஸ்தபா பாட்டு ஒலித்தபோது, ஏ.ஆர்.ரஹ்மானும் அண்ணாச்சி கடைக்கு வந்துபோகிறவர்தான் என்று என் நண்பன் அடித்துச் சொன்னான்.

கதைப்படி முஸ்தபா கெய்ரோ ஒரு இன்ஜினியர். இது மட்டும் அன்றைக்கே தெரிந்திருந்தால் அப்பாவிடம் தைரியமாகச் சொல்லியிருப்பேன்: “நீங்க ஆசைப்பட்ட லைன்லதான்ப்பா போயிட்டிருக்கேன்.”

ஒரு ஆட்டம் ஒரு ரூபாய். ரூபாய் இருப்பவன் ஆடுவான், இல்லாதவர்களெல்லாம் கோச். “குதிடா! பீப்பாயை உடைடா! உள்ள சாப்பாடு இருக்கும்டா!” என்று பின்னாலிருந்து ஆறேழு கோச்சுகள் கத்துவார்கள். செத்தால் ஆடியவன் முட்டாள்; ஜெயித்தால் கோச்சின் மூளை. இந்த மெஷின்களில் ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரரே மாற்றி வைக்கலாம் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிய வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரவுடிகளுக்கு ஏன் அத்தனை ஆவேசம் என்ற நெடுநாள் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

மூட முடியாது என்றால் கூடவே வருவது என்ற இரண்டாம் வழியைக் கண்டுபிடித்தவர் அடாரியை நிறுவிய நோலன் புஷ்னெல். 1977-ல் சான் ஹோசேயில் பீட்சா கடை ஒன்று திறந்தார். பீட்சா வேக நேரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் மெஷினில் காசு போடுவார்கள். பெரியவர்கள் பாடும் பொம்மைகளை வேடிக்கை பார்ப்பார்கள். கடையின் சின்னமாகக் கயோட்டி ஓநாய் வேஷம் என்று நினைத்து அவர் வாங்கிய உடுப்பு, கடைசியில் எலி வேஷமாக இருந்தது. சரி, எலியே இருக்கட்டும் என்று ‘சக் ஈ. சீஸ்’ எனப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் ஓட்டலில் எலி தென்பட்டால் சுகாதார ஆய்வாளர் வருவார். அங்கே குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

அந்த எலியின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சென்னை மால்களின் மேல்மாடியில் இருக்கும் விளையாட்டுக் கூடங்கள். அழுக்குத் திரை போய் ஏசி வந்துவிட்டது. ரூபாய் போய் கார்டு வந்துவிட்டது. தேய்த்தால் எவ்வளவு போனது என்று நெஞ்சில் உறைக்காது. அண்ணாச்சி கடையில் தோற்றால் வெறுங்கையோடு திரும்புவோம், கௌரவமாக. இங்கே தோற்றாலும் டிக்கெட் தருகிறார்கள். என் மகன் ஐந்நூறு ரூபாய்க்கு ஆடிச் சேர்த்த டிக்கெட்டுகளைப் பரிசு கவுன்ட்டரில் கொடுத்தேன். சிரித்த முகமாக ஒரு ரப்பர் தந்தார்கள். பெரிய தண்ணீர் பாட்டில் வேண்டுமானால் இன்னும் ஆட வேண்டுமாம்.

மெஸ்கீட் நகரம் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டது இங்கே சட்டமே இல்லாமல் நடக்கிறது. பெற்றோர் துணையில்லாமல் ஒரு பிள்ளைகூட உள்ளே வருவதில்லை. வந்தால் கார்டை யார் ரீசார்ஜ் செய்வது? சொல்லப்போனால் பெற்றோரில் ஒருவர் மட்டும் வந்தாலும் பத்தாது. பாட்டில் ஆசையில் நான் மறுபடி பணம் கட்டப் போனபோது, ஓடிபி என் மனைவியின் போனுக்குப் போயிற்று. அவள் கீழே புடவைக் கடையில் இருந்தாள். உடனே போன் வந்தது.

“பையன் எவ்ளோ கேக்கறான்?”

“பையன் போதும்கறான்.”