மருமோன் தேர்தலில நிக்கிறாராம்

மருமோன், நீர் தேர்தலில நிக்கப் போறீராம் எண்டு கொம்மா ரெலிபோனில சொன்னவ. சந்தோசத்தில சொன்னவவோ பயத்தில சொன்னவவோ எண்டு எனக்குப் பிடிபடேல்லை. எதுக்கு நிக்கிறாராம் எண்டு கேட்டன். "மேயரோ, கவுன்சிலரோ, கல்விச் சபையோ, உதில ஏதோ ஒண்டுக்கு" எண்டவ. அது நல்லது. என்ன வேலையெண்டு தெரியாமல் வேலைக்கு மனுப் போடுறவைக்கு ரொறன்ரோவில எப்பவும் இடமிருக்கு.

செலவும் பெரிசில்லை. மேயருக்கு 200 டாலர், மற்றக் கதிரையளுக்கு 100. கணக்கை ஒழுங்காய்க் காட்டினால் அதுவும் திரும்பி வரும். மேயருக்கும் கவுன்சிலருக்கும் 25 பேரின்ர கையெழுத்து வேணும். உம்மட கலியாணத்துக்கு வந்த சனத்தில மூண்டு மேசையைப் பிடிச்சால் காணும்.

மேயர் ஆசை எண்டால் 2023 ஜூன் 26ஐ ஒருக்கா நினைச்சுப் பாரும். ஜோன் ரோறி விட்டிட்டுப் போன கதிரைக்கு 102 பேர் நிண்டவை. வாக்குச்சீட்டை விரிச்சால் பாய் மாதிரிக் கிடந்தது. அதில ஒருத்தர் தன்ர நாய் மொலியையும் கூட்டிக்கொண்டு வாக்குக் கேட்டுத் திரிஞ்சார். பனிக்காலத்தில தெருவில கொட்டுற உப்பு நாயின்ர காலைச் சுடுகுதாம், அதைக் குறைக்க வேணுமாம். நானும் சிரிச்சனான். பேந்து யோசிச்சால், 102 பேரில ஆர் என்னத்துக்கு நிக்கினம் எண்டு எனக்கு உடன விளங்கினது அந்த நாயின்ர விசயம் ஒண்டுதான்.

வெண்டது ஒலிவியா சவ், 37 வீதம். வாக்குப் போடப் போனது நூற்றுக்கு 38 பேர் மட்டில. நீர் கணக்குப் படிச்சனீர், பெருக்கிப் பாரும். நூறு பேரில ஒரு 14 பேர் விரும்பினால் இந்தப் பெரிய பட்டினத்துக்கு மேயர் ஆகலாம். அதுக்குள்ள மாகாணம் "பலமான மேயர்" எண்டு ஒரு சட்டமும் 2022இல கொண்டந்தது. சில அலுவல்களுக்குச் சபையில மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல கை உயர்ந்தால் போதுமாம். சவ் அந்தப் பலம் எனக்கு வேண்டாம் எண்டு சொல்லித்தான் வந்தவ. நீர் அப்பிடிச் சொல்லிப்போடாதையும். எங்கட ஆக்கள் "பெலமில்லாத பொடியன்" எண்டு போடுவினம்.

சரி, கவுன்சிலர். ஊரில எங்களுக்குச் சின்னம் இருந்தது. வீடு, சைக்கிள், உதயசூரியன். ஆளைத் தெரியாட்டிலும் சின்னத்தைப் பார்த்துக் கீறிப்போட்டு வருவம். இஞ்ச நகரசபைத் தேர்தலில சீட்டில கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை, பேர் மட்டும்தான். அதால சனம் கேள்விப்பட்ட பேருக்குப் போடும். கேள்விப்பட்ட பேர் ஆற்ற பேர்? ஏற்கெனவே கதிரையில இருக்கிறவற்ற பேர். அவர் நாலு வருசமாய்க் கடிதத் தலைப்பில, கோடைக்கால பார்பிக்கியூவில, பொங்கல் விழா மேடையில எண்டு பேரைப் பதிச்சு வைச்சிருக்கிறார். ஒருத்தர் எம்.பி. ஆகிப் போனால்தான் கதிரை ஒண்டு வெறுமையாகும். அந்த நேரம் பார்த்து நிக்கிறவன்தான் கெட்டிக்காரன்.

கதிரையே காணாமல் போறதும் உண்டு. 2018 ஜூலை 27, வேட்புமனுக் குடுக்கிற கடைசி நாள். மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் வந்து 47 வட்டாரம் இல்லை, 25தான் எண்டார். மாசக் கணக்காய்க் கதவு தட்டித் திரிஞ்சவை, எந்தத் தெரு தங்கட வட்டாரம் எண்டு தெரியாமல் நடுத்தெருவில நிண்டவை. ஃபோர்ட் 2014இல மேயருக்கு நிண்டு தோத்தவர் எண்டதையும் இதையும் முடிச்சுப் போட்டு நான் ஒண்டும் சொல்லேல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் மட்டும் போய், 2021இல அஞ்சுக்கு நாலு எண்டு மாகாணம் வெண்டுது.

அந்த 2018இலதான் எங்கட நீதன் சண், வட்டாரம் 25இல 154 வாக்கால தோத்தவர். நூற்றி ஐம்பத்தி நாலு, மருமோன்! எங்கட சனத்தின்ர ஒரு சாமத்தியவீட்டில சாப்பாட்டு வரிசையில அதைவிடக் கூட ஆக்கள் நிக்கும். பேந்து 2025 செப்டெம்பரில, அங்க இருந்த கவுன்சிலர் எம்.பி. ஆகிப் போக, இடைத்தேர்தலில அதே வட்டாரத்தில வெண்டிட்டார். ஏழு வருசப் பொறுமை. உமக்கு பஸ் அஞ்சு நிமிசம் பிந்தினாலே பொறுமை இல்லை.

எங்கட ஆக்களுக்குத் தேர்தல் தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். பழைய மாணவர் சங்கத் தேர்தல் வரட்டும் பாப்பம். தலைவர், செயலாளர், பொருளாளர் எண்டு மூண்டு அணி, வட்சப்பில நாலு குழு, யாப்பில எத்தினையாம் பிரிவு எண்டு விடியச் சாமம் மட்டும் சண்டை. அந்தச் சங்கத்தின்ர வருமானம் ஒரு டின்னர் ரிக்கெட் காசு. எங்கட வீட்டு வரியைத் தீர்மானிக்கிற நகரசபைக்கு 2022இல நூற்றுக்கு 30 பேர்கூடப் போகேல்லை.

ஆர் வாக்குப் போடலாம் எண்டதையும் தெரிஞ்சு வைச்சிரும். பேஸ்மென்ரில வாடகைக்கு இருக்கிற பொடியன், பிஆர் காரன், இரவு வேலைக்கு ரி.ரி.சி. பஸ்ஸில போறவன், அவனுக்கு வாக்கில்லை. பிரஜையாய் இருக்க வேணும். ஆனால் மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் வாடகைக்கு விட்டிட்டு மார்க்கத்தில பெரிய வீடு வாங்கிப் போன சொந்தக்காரருக்கு ரெண்டு நகரத்திலயும் வாக்கு. கள்ள வாக்கில்லை, சட்டப்படி. அவற்ற மனுசிக்கும் உண்டு.  அதனால கதவு தட்டேக்க பேஸ்மென்ர் கதவை விட்டிடாதையும், அங்கதான் உம்மட்டைக் கேக்க விசயம் இருக்கிறவன் இருக்கிறான்.

கல்விச் சபைதான் உமக்கு ஏற்ற இடம் எண்டு நான் நினைக்கிறன். ஆரும் பாக்காத கதிரை, அதாலதான். வாக்காளரில கனபேருக்குத் தங்கட உறுப்பினர் ஆரெண்டு தெரியாது. ஆங்கிலப் பொது, கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம் எண்டு நாலு சபை இருக்கிறதும் தெரியாது. எங்கட ஆக்கள் அந்த வாசலாலதான் உள்ள வந்தவை. நீதன் சண் 2006இல யோர்க் பிராந்தியக் கல்விச் சபை. பார்த்தி கந்தவேள் 2014இல ரொறன்ரோக் கல்விச் சபை, 2023இல நகரசபை. யுவனிற்றா நாதன் 2010இல கல்விச் சபை, பேந்து மார்க்கம் நகரசபை, 2025இல ஒட்டாவாப் பாராளுமன்றம். அது வாசல்படி எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சபடியால்தான் பள்ளிக்கூடத்தைப் பற்றி அங்க ஆரும் கனக்கக் கதைக்கிறேல்லை எண்டு ஒரு பொல்லாத மனுசன் சொன்னான். நான் இல்லை.

இப்ப ஒரு சிக்கல். 2025 ஜூனில மாகாணம் ரொறன்ரோவின்ர ரெண்டு ஆங்கிலச் சபையளையும், பொதுச் சபை, கத்தோலிக்கச் சபை ரெண்டையும், காசு நிர்வாகம் சரியில்லை எண்டு மேற்பார்வையாளரிட்டக் குடுத்துப்போட்டுது. தெரிஞ்செடுத்த உறுப்பினர்மாருக்குச் செய்ய ஒண்டுமில்லை. அதிகாரமில்லாத பதவி, ஆனால் பொன்னாடை உண்டு. உமக்கு இதைவிட என்ன வேணும்?

பொன்னாடை எண்ட உடன ஞாபகம் வருது. ஹோலுக்குப் போய் மங்கள விளக்குக் கொழுத்துறதை வாக்கெண்டு எண்ணாதையும். அங்க வந்து கையைப் பிடிக்கிற அரைவாசிப் பேர் ஏஜக்ஸ், பிரம்ரன், மார்க்கம் ஆக்கள். ரியல் எஸ்ரேட்காரர் கம்பனிச் செக்கோட வந்தால் வாங்காதையும், சட்டம் விடாது. தனிஆளாய்த் தன்ர பேரில தரட்டும், கவுன்சிலருக்கு 1,200 டாலர் மட்டும். அவர் அப்பவே கார்த் திறப்பைத் தேடத் துவங்குவார்.

கதவடியில மரபு, அடையாளம் எண்டு பெரிசாய்க் கதைக்காதையும். பனி வழிக்கிற மெசின் தெருவைத் துப்புரவாக்கிப்போட்டு, எங்கட டிரைவ்வே வாசலில ஒரு மதில் கட்டிப்போட்டுப் போகுது பாரும், அதைப் பற்றிக் கதையும். 1999இல மெல் லாஸ்ற்மன் பனிக்குப் பட்டாளத்தையே கூப்பிட்டவர், இண்டைக்கும் எங்கட கிழடுகள் அந்த மேயரை மறக்கேல்லை. 2023 ஜூலையில ஸ்காபரோ ஆர்.ரி. தடம்புரண்டு, அதோட அந்த ரெயிலே நிண்டு போச்சு. பஸ்ஸில நெரிபட்டுப் போற சனத்திட்ட அதைக் கேளும். அவை கதைப்பினம், நீர் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டு வாரும்.

என்ர வீட்டுப் புல்லில உம்மட பலகையைக் குத்தலாம். வாக்கெடுப்புக்கு 25 நாளுக்கு முந்திக் குத்தேலாது, முடிஞ்சு 72 மணித்தியாலத்துக்குள்ள கழட்ட வேணும். குத்துறதுக்கு நூறு பேர் வருவினம், கழட்ட நீர்தான் வர வேணும். கொம்மாவின்ர வாக்கு உமக்குத்தான் எண்டு எழுதிவைக்காதையும். போன முறை வந்த வாக்காளர் அட்டை இன்னும் அவவின்ர கந்தசஷ்டிப் புத்தகத்துக்குள்ள அடையாளத்துக்குக் கிடக்கு.