போர்டு அப்பா

ஜெர்மனியின் ஹனோவரில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் எந்தப் பொங்கல் விழாவிலும் அவரைப் பார்க்கலாம். வடைத் தட்டுக்கும் சட்னி வாளிக்கும் நடுவில் நிற்பார். சட்னிக்குக் கை நீட்டியவர் தொலைந்தார்.

"உங்க பொண்ணு எத்தனாவது?"

"நாலாவதுங்க."

"நாலாவதா! இன்னுமா போர்டு முடிவு பண்ணலை?"

பதற்றத்துக்குக் காரணம் உண்டு. ஹனோவர் இருக்கும் லோவர் சாக்சனி மாநிலத்தில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். அப்புறம் கிம்னாசியம் என்ற பள்ளி, பதின்மூன்றாம் வகுப்பில் அபிடூர் என்ற பள்ளியிறுதித் தேர்வு. அரசுப் பள்ளி என்றால் கட்டணம் கிடையாது. இன்னொரு பக்கம், 1996-இல் தொடங்கிய ஹனோவர் சர்வதேசப் பள்ளி, அங்கே ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் டிப்ளமோ. பன்னிரண்டோடு முடியும், ஆண்டுக் கட்டணம் ஐந்து இலக்க யூரோ. மற்ற அப்பாக்கள் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள். இவருக்கு இரண்டும் வேண்டும். அபிடூரையும் ஐ.பி.யையும் ஒருசேர எழுதவைக்கும் கிம்னாசியங்கள் ஜெர்மனியில் சில உண்டு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

"அபிடூர் இங்கே இருக்க. ஐ.பி. அமெரிக்கா போக. ஊருக்குத் திரும்பிட்டா? அதுக்கும் பயமில்லை, ஐ.பி.யை இந்தியாவில பிளஸ் டூவுக்குச் சமமா ஏத்துக்கறாங்க. நீட் சிலபஸ் மட்டும் தனியாப் பார்த்துக்கணும்."

யாருக்காக இத்தனை ஏற்பாடு என்று திரும்பிப் பார்த்தால், ஒன்பது வயதுப் பையன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து லைப்னிட்ஸ் பிஸ்கட்டின் 52 பற்களையும் ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருப்பான்.

மதிப்பெண் விஷயத்தில்தான் குடும்பமே தவிக்கிறது. கணக்குப் பரீட்சையில் பையன் 1 வாங்கி வந்தான். வீடியோ காலில் கும்பகோணத்துப் பாட்டி, "நூத்துக்கு ஒண்ணா? கண்ணு, அழாதே" என்று தானே அழுதுவிட்டார். போர்டு அப்பா பொறுமையாக விளக்கினார்: ஜெர்மன் பள்ளியில் 1 உச்சம், 6 பாதாளம். மேல்நிலைக்குப் போனால் அதே உச்சம் 15 புள்ளி. ஐ.பி.யில் பாடத்துக்கு 7 உச்சம், மொத்தம் 45. அந்த 45-இல் 42 எடுத்தாலே ஜெர்மன் கணக்கில் 1.0 வந்துவிடும்; 24 எடுத்தால் 4.0, 33 என்றால் சரியாக 2.5. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸா, ஃபெயிலா? அதைச் சொல்லு" என்றார்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் செய்யும் கணக்கு இயந்திரத்தை வடிவமைத்த லைப்னிட்ஸ் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து 1716-இல் மறைந்த ஊர் இது. அந்த இயந்திரம் இன்றும் இங்கே நூலகத்தில் இருக்கிறது. அவருக்குப் பிறகு இந்த ஊரில் இவ்வளவு கணக்குப் போட்டவர் நம்மவராகத்தான் இருப்பார். அவருடைய எக்செல் தாளில் வரிசைக்கு ஒரு நாடு, பத்திக்கு ஒரு பாடத்திட்டம். ஐ.பி.யோடு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால் கணிதமோ அறிவியலோ ஒன்றாவது உயர்நிலையில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு மஞ்சள் வண்ணம். மனைவியின் கருத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அது காலி.

போன பொங்கலில் யாரோ ஒருவர், பாவம், அந்தப் பையனிடமே கேட்டுவிட்டார்: "பெரியவனாகி என்னடா ஆகப் போறே?"

"ஊஸ்ட்ரா போக்குவரத்துக் கம்பெனியில டிராம் ஓட்டப் போறேன்" என்றான். "மூணு வருஷம் அவுஸ்பில்டுங்னு வேலைப் பயிற்சி. சம்பளம் கொடுத்தே சொல்லித் தருவாங்களாம்."

பந்தியே அமைதியாகிவிட்டது. எல்லோரும் போர்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. கைபேசியை எடுத்தார், எக்செல்லைத் திறந்தார், புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்.

"டிராம் லைசென்ஸ்" என்று தட்டிக்கொண்டே கேட்டார்: "இது கனடாவில செல்லுமா, சார்?"