காயப்படத் தயாராக வந்த கனவான்

பிரிட்டனில் வியாழக்கிழமை இரவானால் பிபிசியில் 'கொஸ்டின் டைம்' வரும். 1979இல் தொடங்கிய நிகழ்ச்சி. வாரத்துக்கு ஓர் ஊர், மேசையில் சில பிரமுகர்கள், எதிரே கேள்வி கேட்க உள்ளூர்க்காரர்கள். இந்த மேசையையும், இதற்குப் பின் காலை, பகல், நள்ளிரவு என்று வேளைக்கொன்றாக முளைத்த மற்ற விவாத மேசைகளையும் நம்பி அந்த நாட்டில் ஒருவகை மனிதர் ஜீவிக்கிறார். அவருக்கு இன்ன வேலை என்று சொல்ல முடியாது. திரையில் பெயருக்குக் கீழே 'கருத்தாளர்' என்று போடுவார்கள். அவரைக் கனவான் என்றே வைத்துக்கொள்வோம்.

கனவானுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நீலக் கோட்டு உண்டு, டை கிடையாது. டை கட்டினால் மேட்டுக்குடி என்பார்கள். பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் படித்தவர்தான், ஆனாலும் வாயைத் திறந்தால் "சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால்..." என்றுதான் ஆரம்பிப்பார். சாதாரண ஜனங்கள் அவரிடம் எப்போது சொன்னார்கள், எங்கே சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு சின்னப் பெண் போன் செய்வாள். தலைப்பைச் சொல்லிவிட்டு, "சார், நீங்கள் எந்தப் பக்கம்?" என்பாள். இந்த இடத்தில், "இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதம்மா" என்று சொல்பவர்களுக்கு, "பிறகு கூப்பிடுகிறோம்" என்ற பதில் கிடைக்கும். பிறகு கூப்பிட மாட்டார்கள். கனவான் அந்தத் தவறைச் செய்வதே இல்லை. "எதிர்ப் பக்கத்தில் யார்?" என்று மட்டும் விசாரிப்பார். எதிரில் ஒரு கறுப்பினப் பெண் வழக்கறிஞர் என்று தெரிந்தால் சாயங்காலம் முடிவெட்டிக்கொண்டு வருவார்.

வழக்கறிஞர் பாவம், கோப்போடு வருகிறார். 'விண்ட்ரஷ்' விவகாரத்தைப் பேச வேண்டும் என்று இரவெல்லாம் படித்திருக்கிறார். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்தவர்களும், பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அவர்களுடைய பிள்ளைகளும் அரை நூற்றாண்டு உழைத்து வரி கட்டியபின், 'நீ இங்கே இருக்கக் காகிதம் எங்கே?' என்று கேட்கப்பட்டார்கள். வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் தடுப்பு முகாமுக்கும் சிலர் விமானத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியதற்கு ஆதாரமான பதிவு அட்டைகளை அரசாங்கமே அழித்திருந்தது. 2018இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒன்றரை நிமிடமாவது வேண்டும். நாற்பதாவது விநாடியில் நெறியாளர், "சுருக்கமாக" என்கிறார்.

கனவான் இடைமறிக்கிறார். "எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இந்த நாடு இவ்வளவு மோசம் என்றால் ஏன் எல்லாரும் இங்கேயே வரத் துடிக்கிறார்கள்? பிடிக்கவில்லை என்றால் போகலாமே?"

சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து தூண்டிலின் தக்கையைப் பார்ப்பவர் மாதிரி எதிராளியின் வாயையே பார்ப்பார். வழக்கறிஞர் மூச்சை இழுத்து, கோப்பை மூடி, "நீங்கள் இப்போது சொன்னது இனவெறி" என்கிறார்.

வந்துவிட்டது. கனவானின் முகத்தில் ஒரு மாதத்துச் சோகம் ஒரே விநாடியில் ஏறும். வலது கை நெஞ்சுக்குப் போகும். "என்னையா? என்னையா இனவெறியன் என்கிறீர்கள்?" வழக்கறிஞர், "உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதைச் சொன்னேன்" என்பது யார் காதிலும் விழாது. நெறியாளர், சற்றுமுன் 'போகலாமே' என்றபோது காகிதம் புரட்டிக்கொண்டிருந்தவர், விழித்தெழுந்து, "அது மிகக் கடுமையான குற்றச்சாட்டு" என்று கவலைப்படுவார். அந்த நிமிடத்திலிருந்து விவாதம் கனவானைப் பற்றியது. விண்ட்ரஷ்காரர்கள் ஸ்டூடியோவிலிருந்தும் நாடு கடத்தப்பட்டார்கள்.

பிறகு கனவான் தன் நிரபராதித்துவத்துக்குச் சாட்சிகளை வரிசையாகக் கூப்பிடுவார். பல் வைத்தியர் ஒரு பட்டேல். மகளின் கல்லூரித் தோழி நைஜீரியாக்காரி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழம்பு. 2001இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று பெருமையாகப் பேசினார். பல பண்பாடுகள் கலந்த நாடு என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் அது. கனவான்களின் கையில் அதுவே நன்னடத்தைச் சான்றிதழாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் டிக்கா மசாலா சாப்பிடுகிறவனுக்கு எப்படி ஐயா இனவெறி வரும்? இதே தர்க்கப்படி கோழி சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் கோழியின் நண்பர்கள்.

இது என் கற்பனைச் சித்திரம்தான். ஆனால் முன்னோடிகள் உண்டு. 2020 ஜனவரியில் லிவர்பூலில் நடந்த 'கொஸ்டின் டைம்' நிகழ்ச்சியில், இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் நடத்தப்பட்ட விதம் இனவெறியே என்றார் பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். மேசையிலிருந்த நடிகர் லாரன்ஸ் ஃபாக்ஸ் அதை ஒப்பவில்லை. 'நீங்கள் சலுகை பெற்ற வெள்ளை ஆண்' என்றார் விரிவுரையாளர். என் பிறப்பைச் சொல்லிக் காட்டுகிறீர்களே, அதுதான் இனவெறி என்று திருப்பினார் நடிகர். அரங்கில் கைதட்டலும் முனகலும் கலந்து வந்தன. மறுநாள் நாடே நடிகரைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு அவர் அரசியல் கட்சி தொடங்கினார், அடுத்த ஆண்டு லண்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். மேகன் விவகாரம் என்ன ஆயிற்று என்று அந்த மேசையில் யாரும் திரும்பிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்கும் முன்பு, 2009 அக்டோபரில், பிரிட்டிஷ் தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் அதே நிகழ்ச்சிக்கு வந்தார். ஏறத்தாழ 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் வேறு ரகம், இனவாதக் கட்சியையே நடத்தியவர். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் அவர் போட்ட கூப்பாடு அசல் கனவான் பாணிதான்: தன்னை ஒரு கொலைவெறிக் கும்பல் சூழ்ந்துகொண்டதாம்!

நெறியாளர்கள் ஏன் இப்படி நெளிகிறார்கள் என்றால் அவர்களுக்கும் பட்ட சூடு இருக்கிறது. 2019 ஜூலையில் டிரம்ப், அமெரிக்கக் காங்கிரஸின் நான்கு பெண் உறுப்பினர்களை வந்த இடத்துக்கே போகச் சொல்லி ட்வீட் போட்டார். பிபிசி காலை நிகழ்ச்சியின் நாகா மன்செட்டி லண்டனில் பிறந்தவர், தாய் இந்தியா, தந்தை மொரீஷியஸ். அவரைச் சக நெறியாளர் கேட்க, தன்னையும் அப்படிப் போகச் சொன்னவர்கள் உண்டு, அந்தப் பேச்சில் இனவெறி ஊறிக் கிடந்தது என்றார். செப்டம்பரில் பிபிசியின் புகார்ப் பிரிவு தீர்ப்புச் சொன்னது: சொந்த அனுபவத்தைச் சொன்னது சரி, அதிபரின் உள்நோக்கத்தைத் தொட்டது விதிமீறல். அதாவது அடி வாங்கியதைச் சொல்லலாம், அடித்தவனுக்கு மனதில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஊர் கொதித்தது. மாதம் முடிவதற்குள் தலைமை இயக்குநர் டோனி ஹால் தீர்ப்பையே ரத்து செய்தார். இத்தனையும் பார்த்த பிறகு எந்த நெறியாளர்தான் காகிதம் புரட்டாமல் இருப்பார்?

கனவானுக்கு மிகவும் பிடித்த எதிராளி ஒருவர் உண்டு. கோப்பும் இல்லாமல் படிப்பும் இல்லாமல், உட்கார்ந்த உடனே முதல் பந்திலேயே 'இனவெறி' என்று வீசுபவர். பேருந்துக் கட்டணத்தைப் பற்றிய விவாதமானாலும் வீசுவார். அவர் வருகிறார் என்றால் கனவான் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார், அன்று வேலை அவ்வளவு சுலபம்.

மறுநாள் அந்த நாற்பது விநாடித் துண்டு கைப்பேசிகளில் சுற்றும். கனவான் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார், காலையில் வானொலிக்கும் மாலையில் தொலைக்காட்சிக்கும் போய், இந்த நாட்டில் தன்னைப் பேசவே விடுவதில்லை என்று விரிவாகப் பேசுவார். வழக்கறிஞருக்கும் அழைப்பு வரும், மறுபடி அதே நாற்காலிக்கு. கோப்பைக் கொண்டுவர வேண்டாம், நேரமிருக்காது என்று அந்தச் சின்னப் பெண் மரியாதையாகச் சொல்லிவிடுவாள்.

கனவானுக்கு ரசிகர்கள் வெள்ளையர்கள் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். லண்டன் ஹாரோ பக்கம் ஓர் அண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்தவர், இப்போது இரண்டு வீடு. கனவான் திரையில் வந்தால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"உந்தாள் சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே. இப்ப வாறவங்கள் எல்லாம் கள்ளப் பேப்பரிலதான் வாறாங்கள்."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. "இஞ்சாருங்கோ," என்று அக்காவின் குரல் வந்தது, "நீங்கள் வரேக்க ஆற்றை பாஸ்போட்டில வந்தனீங்கள்?"

அண்ணை ரிமோட்டை எடுத்துக் கனவானின் சத்தத்தைக் கூட்டினார்.