தாளா குடு மருமவனே

ஏ மருமவனே, அந்தக் கயித்துக் கட்டில இப்படி நிழல்ல இழுத்துப் போட்டு உக்காரு. கொடைக்கு வந்த இடத்துல மாமன் புத்தி சொல்லுதானேன்னு மூஞ்சியத் தூக்காதே. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நாலு ஏக்கர ரெண்டு ஏக்கரா ஆக்குன கெட்டிக்காரன் நான். ஒரு சந்தேகம், அதக் கேக்கேன்.

மவனுக்குத் துட்டோட அருமை தெரியணும்னு வீட்டுலயே பாடம் நடத்துதியாம்லா. பல்லு தேச்சா ரெண்டு ரூபா, படுக்கைய மடிச்சா மூணு ரூபா, சுவத்துல சார்ட்டு வேற. நல்ல ஏற்பாடு. நேத்து ஒங்க அத்தை அவங்கிட்ட ஒரு சொம்பு தண்ணி கேட்டா. பய நின்னு யோசிச்சுட்டு, "எவ்வளவு தருவீங்க ஆச்சி?"ங்கான். கஞ்சி ஊத்துறதுக்கும் இன்னைக்கே ரேட்டு பேசி எழுதி வாங்கிக்கோ. ஒனக்கு வயசாகுறப்ப விலைவாசி என்ன ஆகுமோ.

சாயங்காலம் கொடைக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, கையில 50 ரூபாத் தாளக் குடுத்தேன். முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு, "ஸ்கேன் பண்ணலாமே தாத்தா"ங்கான். "அதெல்லாம் பட்டணத்து வித்தைடே"ன்னு வாய மூடல, பஞ்சுமிட்டாய்க்காரன் கம்புலயே அட்டையத் தொங்கவிட்டுட்டு வாரான். என் மானம் போச்சு. வீம்புக்குத் தாளையே நீட்டச் சொன்னேன். மிட்டாய் 20 ரூபா. பய மிட்டாய வாங்கிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கான். அவன் மேல குத்தமில்ல. போன்ல குடுத்தா மீதிச் சில்லறைன்னு ஒண்ணு ஏது? அப்படி ஒரு சங்கதி இருக்குன்னே அவனுக்குத் தெரியல.

திரும்ப அனுப்புனேன். மூணு பத்து ரூபாக் காசோட வந்தான். அந்தக் காசு செல்லாதுன்னு நம்மூர்ல ஒரு புரளி. 14 விதமும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-லயே சொல்லியாச்சு, நம்ம டீக்கடைக்குத்தான் தாக்கல் இன்னும் வரல. அத விடு. விடிய விடிய வில்லுப்பாட்டு நடந்துச்சு, பய மூடுன கையத் தொறக்கலயே! தூங்குறப்பவும் அப்படித்தான். காலையில பாத்தா உள்ளங்கையில மூணு வட்டமும் அச்சுக் குத்துன மாதிரி பதிஞ்சு கெடக்கு.

பல்லு தேய்க்கும்போது (காசு கேக்கல, கேட்டியா) மெதுவா வாயத் தொறந்தான். "அப்பா என் உண்டியல்லருந்து 340 ரூபா எடுத்தாங்க தாத்தா. தண்ணி கேன்காரருக்கு. தீபாவளிக்கு முன்னாடி. தருவேன்னாங்க."

ஏலே, இதுதான் நீ நடத்துற பாடமா?

ஒனக்கு மறந்திருக்காது. 1993-ல நீ அஞ்சாப்பு. நம்ம பள்ளிக்கூடத்துல சஞ்சயிகான்னு பிள்ளைய சேமிப்புத் திட்டம் இருந்துச்சு, சின்னதா ஒரு பாஸ்புக்கு குடுப்பாவ. ஐஸ்காரன் மணி அடிக்கும்போது காதப் பொத்திக்கிட்டு நின்னு, வாரம் ஒரு ரூபா கட்டுனே. 87 ரூபா சேந்துச்சு. கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டணும்னு ஒங்கப்பா அத வாங்கிட்டுப் போனாரு. மழை பெஞ்சதும் தாரேன்னாரு. நம்ம கரிசக்காட்டுல மழை! நீ பாட்டுக்கு தெனம் வைக்கப்படப்புல ஏறி மேகம் பாத்துக்கிட்டிருந்தே. நாங்கெல்லாம் சிரிச்சோம், நானுந்தான் சிரிச்சேன். அவரு போயிச் சேந்து எட்டு வருசம் ஆச்சு, இன்னும் ரெண்டு கிளாசு உள்ள போனா அந்த 87 ரூபாயத்தானடா இழுக்கே!

ஒம் மவன் மேகம் பாக்கல. காலண்டரு பாக்கான்.

வார ஆவணியில அவனுக்குப் பத்து வயசு முடியுது. அதுக்குப் பெறவு போஸ்டாபீசுல அவம் பேருலயே கணக்கு வச்சு, அவனே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், கட்டலாம். தொறக்க 500 ரூபா வேணும். கையில 30 இருக்கு, ஒங்கிட்ட 340 நிக்கி. கொறையுற 130-க்கு ஒங்க அத்தை ஒரு வெடக்கோழியக் காட்டியிருக்கா. முட்டைய வித்து அவனே சேத்துக்கிடுவான், நீ ஊடால வராதே. வட்டி நான் கேக்கல. அவன் கேட்டா அது ஒம் பாடு.

ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸு. ஏறுறதுக்கு முந்தி அந்தத் துட்ட அவங்கையில எண்ணிக் குடுத்துரு. தாளா குடு மருமவனே, போன்ல அனுப்பிராதே.