பாதி பீர், பாதி நல்லொழுக்கம்

மே மாதப் புழுக்கத்தில் நவி மும்பையின் நெருள்காரர்கள் சிலருக்குத் திடீரென்று உடல்நல அக்கறை வந்துவிடுகிறது. பீரில் லெமனேட் ஊற்றிக் குடிக்கிறார்கள். ஷாண்டியாம், குடி என்ற கணக்கில் சேராதாம்.

ஜெர்மனியில் இதை ராட்லர் என்பார்கள். 1922இல் மியூனிக் அருகே 13,000 சைக்கிள்காரர்கள் தன் கடையில் வந்து இறங்க, பீர் தீர்ந்துவிடும் என்று பயந்த குக்லர் என்பவர் லெமனேடைக் கலந்து சமாளித்தார் என்று ஒரு கதை. கதையில் நுரை அதிகம். ஆனால் சரக்கு போதாத கடைக்காரருக்கு வாடிக்கையாளர் நலனில் அக்கறை பிறப்பது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. குடிக்க பெர்மிட் வேண்டும்; பீருக்கு வயது 21, விஸ்கிக்கு 25. லெமனேடுக்கு யாரும் வயது கேட்பதில்லை. செம்பூரில் ஆலை வைத்திருந்த, 1994இல் பெப்சி வாங்கிக்கொண்ட ட்யூக்ஸ் லெமனேடைப் பள்ளிப் பிள்ளைகளே குடித்து வளர்ந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம்மவர் வாங்குவது 8 சதவீத ஸ்ட்ராங் பீர். சரிபாதி லெமனேட் ஊற்றி அதை 4 ஆக்குகிறார். 5 சதவீதத்துக்கு மேல் போகாத மைல்ட் பீர் அதே கடையில் பக்கத்திலேயே இருக்கிறது. அதை வாங்கினால் கௌரவம் என்னாவது?

“டாக்டர் சர்க்கரை கூடாதுன்னாரே?” என்று வீட்டம்மா கேட்டால், “எல்லாமே பாதிதானேம்மா!” என்கிறார், மூன்றாவது கிளாஸை நிரப்பிக்கொண்டே.